கரை தூக்கல், உடம்பு அடைசல்

முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. பெண் வீட்டார் ஏழு பேர், மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர். அரக்கில் பச்சைக் கரை போட்டு, உடம்பு முழுக்கச் சரிகைப் புட்டா ஓடிய புடவை ஒன்றை விரித்துப் போட்டேன். பெண்ணின் அம்மா "எடுப்பா இருக்கு" என்றார். மாப்பிள்ளையின் அக்கா "கிராண்டா இருக்கு" என்றார். பெண்ணின் அத்தை "கொஞ்சம் ஓவரா இல்ல?" என்று இழுத்தார். உடனே இரண்டு கட்சியாகிவிட்டது. மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்த பாட்டி, புடவையை மடியில் வாங்கி விரலால் ஒரு தடவு தடவிவிட்டுச் சொன்னார்: "கரை தூக்கலா இருக்கறது நல்லாத்தான் இருக்கு. உடம்புதான் அடைசலா இருக்கு."

அந்தப் புடவையை மடித்து வைத்தேன். அதே அரக்கு, அதே பச்சை, அதே அகலக் கரை, உடம்பில் ஒரு புட்டாகூட இல்லாத இன்னொன்றை அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டேன். பத்து நிமிடத்தில் பில் போட்டாயிற்று. பன்னிரண்டு பேர் பேசினார்கள். குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான்.

காஞ்சிபுரத்தில் 33 வருஷமாகப் பட்டுப் புடவை விரித்துக் காட்டுகிறேன். சேர்ந்த புதிதில் மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பின் மேல் உட்கார்ந்து காட்டுவோம். இப்போது மேஜை வந்துவிட்டது, நின்றுகொண்டே காட்டுகிறோம். கடந்த பதினைந்து வருஷமாக ஆர்டர் நோட்டும் என் கையில்தான். வாடிக்கையாளர் வாயால் சொல்வதை நோட்டில் எழுதி, பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் நெசவாளர் வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கிச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் சொல்வது "நல்லா கிராண்டா", "ரொம்பப் பகட்டா வேணாம்", "பார்த்தா பளிச்சுன்னு". தறிக்கு இந்தச் சொற்கள் புரியாது. கரை எத்தனை அங்குலம், ஒரு பக்கமா இரண்டு பக்கமா, முந்தி எவ்வளவு நீளம், புட்டாவுக்குப் புட்டா எவ்வளவு இடைவெளி, சரிகை எவ்வளவு: தறிக்கு வேண்டியது இவைதான். ஆளைப் பார்த்து, அவர் சொன்ன சொல்லைக் கேட்டு, அதை அங்குலமாகவும் கிராமாகவும் மாற்றுவதுதான் என் தொழில். அதனால்தான் மிகையைக் குறிக்க நம்மிடம் இருக்கும் சொற்களின் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை.

கடைக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வருவார். மூன்று பெண்களுக்கும் எங்களிடம்தான் எடுத்தார். ஒருமுறை அவர் மனைவி ஒரு புடவையை "ஆடம்பரமா இருக்கு" என்று தள்ளியபோது, அந்தச் சொல்லின் கதையை எனக்குச் சொன்னார். ஆடம்பரம் என்பது வடமொழியில் ஒரு பெரிய முரசின் பெயராம். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் யோசித்தேன். தம்பட்டமும் ஒரு பறைதான். ஆரவாரமும் கோலாகலமும் கூச்சல். தடபுடல் என்று சொல்லும்போதே சத்தம் கேட்கிறது. அமர்க்களம் போர்க்களம். கண்ணுக்குத் தெரிகிற பெருமையைச் சொல்ல நம் ஆட்கள் காதில் விழுகிற சத்தத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள். அகலக் கரைப் புடவை கட்டி ஒருத்தி மண்டபத்துக்குள் நுழையும்போது எல்லாத் தலையும் திரும்புகிறதே, முரசு அடித்தாலும் அப்படித்தான் திரும்பும்.

படாடோபத்தின் கதை அதைவிட நன்றாக இருந்தது. பாம்பு படம் எடுத்து விரித்து நிற்பதுதான் படாடோபமாம். அப்படியானால் அது வெறும் அழகு மிகுதியைச் சொல்லும் சொல் இல்லை. எதிரே இருப்பவரை மிரட்டுவதற்காக விரிப்பது. இதைக் கேட்டபிறகு எனக்குப் பல வாடிக்கையாளர்கள் புரிந்தார்கள். சிலர் புடவை எடுக்கும்போது வாயில் சம்பந்தி பேரே ஓடிக்கொண்டிருக்கும். "அவங்க வீட்டுல இவ்வளவு சரிகைல எடுத்திருக்காங்க, நாங்க குறைச்சலா நிக்க முடியாது." கட்டப்போகிற பெண் கூடவே உட்கார்ந்திருக்கும், அதன் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அங்கே படம் எடுப்பதற்காகத்தான் புடவை வாங்குகிறார்கள். அவர்களுக்கு நான் எத்தனை நல்ல புடவை காட்டினாலும் நிறையாது. டம்பம் என்பதற்கு மூலத்தில் பாசாங்கு என்று அர்த்தம் என்றும் ஆசிரியர் சொன்னார். டாம்பீகம் அதன் வாரிசு. இந்த மூன்று சொல்லையும் அந்தக் காலத்துப் பெண்கள் புடவைமேல் சொல்வதைவிட ஆள்மேல் சொன்னதுதான் அதிகம்.

கடையில் இருப்பவர்கள் பகட்டு என்ற சொல்லை எடுக்கவே மாட்டோம். வாங்குபவர் சொல்லலாம், விற்பவர் சொல்லக்கூடாது. நாங்கள் எடுப்பு, களை, ரிச், கிராண்ட் என்போம். சொல்லுக்கு நிறுத்தும் அளவும் உண்டு. நாற்பது வயதுக்கு மேற்பட்ட அம்மாவிடம் "பாந்தமா இருக்கும்மா" என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் பாந்தம் என்றால் புடவை கீழே இறங்கிவிடும்.

ஊருக்கு ஊர் மாறுவதும் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் ஒரு புடவையைப் பார்த்து, "நல்லாத்தானுங்க இருக்குது, கொஞ்சம் எச்சா இருக்குதுங்க" என்பார். கோபமே இல்லாமல், தராசில் நிறுத்துச் சொல்வது போல இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ போய்க் குடியேறிய ஒரு குடும்பம் கூறை எடுக்க வந்தது. நான் வழக்கம்போல "எடுப்பா இருக்கும்மா" என்று சொன்னேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. அவர்கள் பேச்சில் எடுப்பு என்றால் கர்வம் கலந்த பவுசு என்று அவர் மகன்தான் பிறகு விளக்கினான். என் வாயில் பாராட்டாக வந்தது அவர் காதில் வசவாகப் போய் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து இலங்கைக்காரர்கள் வந்தால் முதலில் அவர்களைப் பேசவிட்டு, அவர்கள் சொல்லையே நானும் எடுத்துக்கொள்வேன்.

இதெல்லாம் அகலக் கரையையும் கனத்த சரிகையையும் பழிப்பதற்காக எழுதவில்லை. காஞ்சிபுரத்துப் புடவையின் உயிரே கரையில்தான் இருக்கிறது. கரைக்கு ஒரு நிறம், உடம்புக்கு ஒரு நிறம், இரண்டும் சேரும் இடத்தில் நூலோடு நூல் கோத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் ஒருவர் போதாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் மனைவியோ மகளோ. கரை தூக்கலாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லும்போது இரண்டு பேருடைய உழைப்பைத்தான் சொல்கிறீர்கள். ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் 1937இல் தறி போட்டு நெய்யச் செய்த புடவைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாணுக்குச் சாண் கரை, ஆழ்ந்த நிறம், உடம்பில் ஆரவாரமே இருக்காது. எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டாத அகலக் கரையா? அவர் பெயரால் எம்.எஸ். ப்ளூ என்று ஒரு நிறமே இந்த ஊரில் நிலைத்துவிட்டது, இன்றும் கேட்டு வருகிறார்கள். அவரைப் பார்த்து யாராவது பகட்டு என்று சொல்லியிருப்பார்களா? அகலம் மிகை ஆகாது. உடம்பும் கரையும் முந்தியும் மூன்றும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால்தான் மிகை.

அடுத்தது பளபளப்பு. இதில் நம் இரட்டைக்கிளவிகள் தராசு மாதிரி வேலை செய்யும், கூர்ந்து கேட்டால் போதும். மினுமினு என்றால் சின்ன வெளிச்சம், புட்டாவில் வரும். பளபள என்பது மேற்பரப்பு, தேய்த்த பாத்திரத்துக்கும் அதேதான். தகதக என்றால் உள்ளே நெருப்பு இருப்பது போல, உருக்கின பொன்னுக்குச் சொல்வது. ஜிகுஜிகு என்று சொன்னால் ஜிகினாக் காகிதம். வாடிக்கையாளர் ஒருவர் "தகதகன்னு இருக்கணும்" என்று கேட்டால் நல்ல சரிகை எடுப்பேன். "ஜிகுஜிகுன்னு இருக்கே" என்று சொன்னால் எடுத்து மடித்துவிடுவேன்.

காரணம் சரிகையிலேயே இருக்கிறது. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் பொன் முலாம் பூசியது. உள்ளே இருக்கும் நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். நகத்தால் சுரண்டினால் அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும். மார்க் கணக்கில் வாங்குவார்கள், ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம். வெள்ளி விலை ஏறினால் சரிகை விலை ஏறும், சரிகை ஏறினால் புடவை ஏறும். செம்புக் கம்பியில் செய்த மட்டச் சரிகையும் உண்டு, பிளாஸ்டிக்கில் வருவதும் உண்டு. முதல் நாள் கடை விளக்கில் பார்த்தால் அசலைவிட இவைதான் அதிகம் மின்னும். அசல் சரிகை கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும், சாயங்கால வெயில் மாதிரி. இது தெரியாமல் கண்ணைப் பறிக்கிறதையே தேடுகிறவர் அதிகக் காசு கொடுத்துக் குறைந்த சரக்கை எடுத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. எங்கள் கடையில் இரண்டு சரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளக்கை அணைத்து, வாசல் வெளிச்சத்தில் காட்டுவேன். அம்மாக்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். "இது மினுக்குது, இது ஜொலிக்குது" என்று ஒரு அம்மா சொன்னார். அதற்கு மேல் நான் விளக்க என்ன இருக்கிறது?

என் கையால் நடந்த ஒரு தப்பையும் எழுத வேண்டும்.

2010 வாக்கில், ஆர்டர் நோட்டு என் கைக்கு வந்த புதிது. ஒரு அம்மா ஒரே மகளின் கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுக்க வந்தார். "நல்லா கிராண்டா இருக்கணும் தம்பி. எங்க அம்மா கல்யாணப் புடவை மாதிரி" என்றார். கடையில் கூட்டம். நான் நோட்டில் கிராண்ட் என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அம்மா கல்யாணப் புடவை என்றதை எழுதவில்லை. நெசவாளர் அண்ணனிடம் போய், இரண்டு பக்கமும் பத்து அங்குலக் கரை, உடம்பு முழுக்கச் சரிகைக் கட்டம், கட்டத்துக்குள் புட்டா, முந்தியில் யானையும் அன்னமும் என்று சொன்னேன். அவர் தறியை விட்டு எழுந்து வந்து, "உடம்புலயும் போடணுமா? மூச்சு முட்டுமே" என்றார். "பார்ட்டி கிராண்டா கேக்கறாங்கண்ணா" என்றேன். அவரும் அவர் சம்சாரமும் 45 நாள் நெய்தார்கள். நெசவில் ஒரு பிசிறு சொல்ல முடியாது. எடை போட்டபோது ஒரு கிலோவைத் தாண்டி 200 கிராம் நின்றது.

அந்தப் பெண்ணுக்குக் கடையிலேயே கட்டிப் பார்த்தார்கள். கொசுவம் நிற்கவில்லை, சரிகை விறைத்துக்கொண்டு விரிந்தது. தோளில் முந்தியைப் போட்டதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, புடவை வந்திருக்கு, நான் வரல" என்றாள். அம்மா கண் கலங்கிப்போய், பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். அவருடைய அம்மா, கல்யாணக் கோலத்தில். ஒரு முழத்துக்குக் கிட்ட கரை, உடம்பு வெறும் உடம்பு. அவர் கிராண்ட் என்று சொன்னது அதை. அந்தப் படம் முதல் நாளும் அவர் பையில்தான் இருந்திருக்கிறது. நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எடுத்துக் காட்டியிருப்பார்.

முதலாளி நெசவாளருக்கு முழுக் கூலியையும் கொடுத்தார், அந்தக் குடும்பத்துக்கு வேறு புடவை கொடுத்து அனுப்பினார். என்னிடம் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கனத்தது. நெசவாளர் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, அந்த அக்கா, "45 நாள் கை எடுத்துக் கொடுத்தேன் தம்பி, கட்டிக்காம போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வருஷம் அந்தப் புடவை அலமாரியில் கிடந்தது. பிறகு செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி, ஊர் அம்மனுக்குச் சாத்தப் புடவை கேட்டு வந்தார்கள். விரித்ததுமே அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆடி வெள்ளிக்கு வரச்சொன்னார்கள், போனேன். எண்ணெய் விளக்கு வெளிச்சம். அதே பத்து அங்குலக் கரை, அதே கட்டம், அதே புட்டா, மேலே எலுமிச்சை மாலை, அரளி மாலை, வெள்ளிக் கவசம். வரிசையில் நின்ற ஒருவர் வாயிலும் தூக்கல் என்றோ அடைசல் என்றோ ஒரு சொல் வரவில்லை. அலங்காரம், சாத்துப்படி, கண்கொள்ளாக் காட்சி, இவைதான். எங்கள் ஊரில் 2019இல் அத்தி வரதர் எழுந்தருளிய 48 நாளும் நாளுக்கொரு நிறத்தில் பட்டு சாத்தினார்கள். இன்றைக்கு என்ன கலர் என்று கேட்டுக்கொண்டே ஜனம் வரிசையில் நின்றது. அப்போதும் யாரும் ஆடம்பரம் என்று சொல்லிக் கேட்டதில்லை. சாமிக்கு மிகை என்ற சொல்லே நம்மிடம் கிடையாது. ஆடம்பரம், படாடோபம், டாம்பீகம், தளுக்கு, மினுக்கு, ஜம்பம் எல்லாமே மனிதர்களுக்காக ஏற்பட்ட சொற்கள். நடந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, வியர்த்து, அந்தப் புடவைக்குள் இருந்தாக வேண்டியவர்களுக்காக. நெசவாளர் அக்காவிடம் போய் அம்மன் கட்டியிருக்கிற படத்தைக் காட்டினேன். அதை வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்துக்கொண்டார்.

2008இல் சென்னையில் ரவிவர்மாவின் ஓவியங்களைப் பட்டில் நெய்து, கற்கள் பதித்து, 39 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையில் ஒரு புடவை வந்தது. ஏறத்தாழ எட்டுக் கிலோ எடை. கின்னஸில் ஏறியது. அந்தச் சமயம் எங்கள் கடைக்கு வந்த பெண்கள் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்கள், வாயைப் பிளந்தார்கள். ஆனால் அதற்கு அவர்கள் எந்தப் பெயரடையும் தேடவில்லை. "கட்டிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த புடவைக்குத் திரும்பினார்கள்.

அந்தக் கல்யாணப் புடவைத் தப்புக்குப் பிறகு நோட்டில் கிராண்ட் என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. எதிரே இருப்பவர் சொன்னால், எங்கே என்று கேட்பேன். கரையிலா, முந்தியிலா, உடம்பிலா, நிறத்திலா? பழைய ஆட்களிடம் இப்படிக் கேட்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. நிறம் அதிகமென்றால் "அடிக்குது" என்பார்கள், இன்னும் அதிகமென்றால் "கண்ணைக் குத்துது". கரைக்குத் தூக்கல், உடம்புக்கு அடைசல், முந்திக்குக் கனம், சரிகைக்கு மினுக்கு. ஒவ்வொரு சொல்லும் புடவையின் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டும். கேட்ட மாத்திரத்தில் எந்த அலமாரிக்குப் போகவேண்டும் என்று என் கைக்குத் தெரிந்துவிடும். இப்போது வருகிற பிள்ளைகளிடம் மூன்று சொல்தான் இருக்கிறது: கிராண்ட், சிம்பிள், ஓவர். ஓவர் என்றால் எது ஓவர்? அவர்களுக்கும் சொல்லத் தெரியாமல் தவிப்பதை முகத்தில் பார்க்கிறேன். கண் சரியாகத்தான் பார்க்கிறது, பிடிக்கவில்லை என்று தெரிகிறது, ஆனால் நாக்கில் சொல் இல்லை. சொல் இல்லாததால் ஐம்பது புடவையைக் கலைத்துப் போட்டுவிட்டு, கடைசியில் அம்மா கை காட்டுவதை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் புடவை பிறகு பீரோவிலேயே இருக்கும். இது எனக்கு மனதார வருத்தம். அதனால் பெண்கள் வந்தால் வியாபாரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவர்கள் பாட்டி என்ன சொல்வார் என்று கேட்பேன். சில பேருக்கு நினைவுக்கு வரும்.

போன மாசம் ஒரு பெண் தனியாக வந்தாள். ஐ.டி.யில் வேலை, கல்யாணச் செலவு அவளுடையதே. மயில்கழுத்து நிறத்தில் சந்தனக் கரை. பிடித்திருந்தது, ஆனாலும் கையை எடுக்காமல் யோசித்துக்கொண்டிருந்தாள். "ஓவரா இருக்குண்ணா" என்றாள். எங்கேம்மா என்று கேட்டேன். கரையைப் பார்த்தாள், இல்லை என்று தலையாட்டினாள். முந்தியைப் புரட்டினாள், அதுவும் இல்லை. பிறகு உடம்பில் ஒரு புட்டாவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் நடுவே விரலை வைத்தாள். விரல் மட்டும்தான் நுழைந்தது.

"இங்கண்ணா. வளவளன்னு இருக்கு."

33 வருஷத்தில் புடவைக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். சாயங்காலம் பிள்ளையார்பாளையம் போனேன். அண்ணன் தறியில் இருந்தார், அக்கா பக்கத்தில். மயில்கழுத்து, சந்தனக் கரை, அதே புட்டாதான், ஆனால் வளவளன்னு இருக்கக் கூடாதாம் என்றேன்.

நாடாவை நிறுத்தாமலே அண்ணன் தலையாட்டினார். "புரிஞ்சுது. ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்துடறேன்."